தகரக் கூரைக்கு எத்தனை வாட்?

முதலில் கூரையைப் பாருங்கள்.

வீட்டுக்காரர் ஸ்பீக்கரின் பெருமையைச் சொல்ல ஆரம்பித்திருப்பார். எந்த நாட்டில் செய்தது, என்ன மரம், எப்படிக் கப்பலில் வந்தது என்று. தலையாட்டிக்கொண்டே அண்ணாந்து பாருங்கள். மேலே இருப்பது ஓடா, கான்கிரீட்டா, தகரமா? நீலகிரியில் ஆம்ப்ளிஃபையர் விற்கிறவனுக்கு அரிச்சுவடி அதுதான்.

கோயம்புத்தூரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அங்கே மழை என்பது வந்துபோகும் விருந்தாளி. நம்மிடத்தில் அது குடித்தனக்காரன். ஆனி, ஆடியில் தகரத்தின் மேல் இறங்க ஆரம்பித்தால் ஜல்லி லாரியைக் கவிழ்த்த மாதிரி இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பேசுவதே காதில் விழாது. அதனால் நம் மலையில் எவரும் ஸ்பீக்கருக்காக ஆம்ப் வாங்குவதில்லை, மழைக்காக வாங்குகிறார்கள். "மழைக்கு மேல கேக்கணுங்க" என்பதுதான் கடைக்குள் காலெடுத்து வைக்கிறவர்கள் சொல்லும் முதல் வார்த்தை. நாமும் ஸ்பீக்கருக்கு ஐம்பது, மழைக்கு நூறு என்று கூட்டி, பெரிய பெட்டியாகத் தூக்கிக் கொடுப்போம். அந்த உபரிக்கு நம் கடையில் 'மழை வாட்' என்றே பெயர். உங்களுக்குத் தெரியாததா?

குன்னூர்க் கடையை உங்கள் கையில் ஒப்படைத்துவிட்டு நான் வீட்டில் உட்கார்ந்த பிறகு, "எந்த ஸ்பீக்கருக்கு எந்த ஆம்ப்னு எப்படிங்கண்ணா முடிவு பண்ணுனீங்க? எழுதிக் குடுங்க" என்று கேட்டீர்கள். பட்டியல் போட்டுக் கொடுப்பேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். ஸ்பீக்கரின் ஓம் கணக்கு, ஆம்பின் வாட் கணக்கெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. அது என்னைவிட உங்களுக்கு நன்றாகவே வரும். கணக்கு கைவிட்ட இடத்தில் என்னைக் கரையேற்றியவர்கள் சிலர் உண்டு. அவர்களில் இரண்டு பேரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இருவருமே நம் தொழிலைச் சேர்ந்தவர்கள் அல்ல. அவர்களைச் சந்தித்திராவிட்டால் நான் இன்னும் மழை வாட் விற்றுக்கொண்டிருப்பேன்.

ஒருவர் குன்னூரில் டீ டேஸ்டராக இருந்தவர். ஏலத்துக்கு வரும் தேயிலையைக் கரண்டியால் உறிஞ்சி, நாக்கில் புரட்டி, துப்பிவிட்டு, இது தேறும், இது தேறாது என்று சொல்கிற வேலை. பெயர் வேண்டாம். தன்னைப் பற்றி எழுதினால் சண்டைக்கு வரக்கூடிய மனிதர். கடை தொடங்கிய புதிதில் தன்னுடைய ஸ்பீக்கருக்கு ஆம்ப் தேடி வந்தார். இரண்டு ஆம்ப்களை மாற்றி மாற்றி அவருக்குப் போட்டுக் காட்டினேன். எனக்கு எதை விற்க ஆசையோ அதைப் போடும்போது வால்யூமை ஒரு நூல் கூட்டி வைத்தேன். இந்தத் தொழிலில் அது கைப்பழக்கம். எல்லாக் கடையிலும் நடப்பதுதான். கேட்கிறவர் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் "இதுதாங்க பிரமாதம்" என்று சத்தம் கூடிய பக்கம் சாய்ந்துவிடுவார்கள்.

இவர் சாயவில்லை. என் முகத்தையே பார்த்தார்.

"ஏனுங்க, ரெண்டு கப்புலயும் ஒரே அளவு தூள் போட்டீங்களா?"

"என்ன தூளுங்க?"

"நாளைக்கு எங்க டேஸ்டிங் ரூமுக்கு வாங்க, சொல்றேன்."

போனேன். நீள மேசை. வரிசையாக வெள்ளைக் கிண்ணங்கள். ஒவ்வொன்றுக்கும் தூளைத் தராசில் நிறுத்துப் போட்டார்கள். ஒரே கெட்டில் தண்ணீர், ஒரே நேரம் ஊறல். ஒரு கிண்ணத்தில் மட்டும் அவர் வேண்டுமென்றே கொஞ்சம் தூளைக் கூட்டிப் போட்டு, என்னைச் சுவைத்துப் பார்க்கச் சொன்னார். எனக்கு அதுதான் பிடித்தது. வரிசையிலேயே மட்டமான தேயிலை அதுதானாம்.

"நாக்கு பொய் சொல்லாதுங்க. நாமதான் அதைப் பொய் சொல்ல வெக்கிறோம்" என்றார்.

கடைக்கு வந்ததும் மீட்டர் வைத்து இரண்டு ஆம்ப்களின் சத்தத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டு வந்தேன். மறுபடியும் அவரை அழைத்துப் போட்டுக் காட்டினேன். அவர் எடுத்துக்கொண்டது விலை குறைந்ததை. எனக்கு வயிறு எரிந்தது என்பதை மறைப்பானேன்! ஆனால் அந்த நாளிலிருந்து சமப்படுத்தாமல் எவருக்கும் போட்டுக் காட்டியதில்லை. கடையிலிருந்து போகும் ஆம்ப்கள் குறைந்தன. திரும்பி வருபவை அதைவிடக் குறைந்தன. ஒவ்வொரு முறை மீட்டரை வெளியே எடுக்கும்போதும் அந்த மனிதரை மனதுக்குள் கும்பிட்டுக்கொள்வேன். இன்றைக்கும் எனக்கு டீ குடிக்கத் தெரியாது என்பதில் அவருக்கு மாற்றுக் கருத்து இல்லை. அது வேறு விஷயம்.

இரண்டாமவர் தேவர்சோலைக்காரர். அவரைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

முதலில் போனில் பேசியது அவருடைய கணவர். அந்தோணி என்று பெயர். எஸ்டேட் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கூடலூர்ப் பக்கத்து ஆட்கள் பேச்சில் மலையாளம் கலந்திருக்கும், இவர் பேச்சில் கொஞ்சம் தாராளமாகவே கலந்திருந்தது.

"சாரே, மகன் வெளிநாட்டிலருந்து ஸ்பீக்கர் அனுப்பியிருக்கான். நல்ல சாதனம். ஆனா சத்தம் போரா. ஒரு தடவை வந்து பாக்கணும்."

போரா என்றால் போதாது. அந்த அளவுக்கு மலையாளம் எனக்கும் தெரியும்.

"கூரை ஓடுங்களா, தகரமுங்களா?"

"தகரம், சாரே."

"அப்புறம் என்னங்க! வியாதி தெரிஞ்சு போச்சு. நான் மருந்தோட வர்றேன்."

பாருங்கள், ஆளைப் பார்க்காமல், ஸ்பீக்கரைப் பார்க்காமல், போனிலேயே நாடி பிடித்துவிட்டேன். கடையிலிருந்ததிலேயே பெரிய டிரான்சிஸ்டர் ஆம்பை முக்கி முனகித் தூக்கி வேனில் வைத்தேன். ஊட்டி தாண்டி, கூடலூர் இறங்கி, தேவர்சோலை போய்ச் சேரும்வரை மழை விடவில்லை. போகும் வழியெல்லாம் எனக்கு உற்சாகம்தான்.

தேயிலைச் சரிவை ஒட்டிய சின்ன வீடு. ஹாலில் அந்த ஸ்பீக்கர்கள் நின்றன. ஆள் உயரத்தில் மரப்பெட்டி, நடுவில் ஊமத்தம்பூ மாதிரி விரிந்த வாய். விஷயம் தெரிந்தவர்கள் வாங்கும் சரக்கு. சமவெளியில் எங்கோ ஒரு கடையில் வாங்கிய பெரிய ஆம்ப் ஒன்று ஏற்கெனவே அதில் மாட்டியிருந்தது. நான் கொண்டுபோனது அதைவிடப் பெரியது.

அந்தோணியின் மனைவி ரெஜினா சமையலறை வாசலில் நின்று கைகூப்பினார். நானும் வணக்கம் சொன்னேன். பதில் வரவில்லை. கழுத்தில் ஒரு சிறிய வெள்ளைத் துணியைக் கட்டியிருந்தார். மூச்சு விடும்போது அந்தத் துணி லேசாக உள்ளே போய் வெளியே வந்தது.

அந்தோணி மெதுவாகச் சொன்னார். ரெஜினாம்மா அந்தப் பக்கத்து ஆலயத்தில் வெகுகாலம் கொயர் எனும் பாடகர் குழுவை நடத்தியவர். தாய்க்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்து, பிறகு அந்தத் தாயின் மகளுக்கும் சொல்லிக் கொடுத்தவர். தொண்டையில் புற்றுநோய் வந்தது. ஆபரேஷனில் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பியது. மூச்சு இப்போது கழுத்தில் வைத்த துளை வழியாகத்தான். உதட்டை அசைத்துப் பேசுவார், அதைப் படிக்க அந்தோணிக்கு மட்டும்தான் தெரியும்.

ஆபரேஷனுக்கு முன்னால் மகன் லீவில் வந்து, அம்மாவை ஆளில்லாத ஆலயத்தில் நிற்க வைத்து, நல்ல மைக் வைத்து ஒரே ஒரு பாட்டைப் பதிவு செய்து வைத்திருந்தான். ஆர்மோனியம் கிடையாது, கூடப் பாட ஆள் கிடையாது, குரல் மட்டும். அந்த ஒரு பாட்டுக்காகத்தான் இந்த ஸ்பீக்கரே. பெட்டி வந்து மாட்டிய அன்று ரெஜினாம்மா பாதிப் பாட்டைக் கேட்டார். எழுந்தார். 'அது நான் இல்லை' என்று உதட்டை அசைத்துவிட்டுப் போய்விட்டார். அதன் பிறகு அந்த ஹாலில் அவர் உட்காரவே இல்லை. அவர் இல்லாமல் தனியாகக் கேட்க அந்தோணிக்கு மனம் வரவில்லை. இந்தத் தடவையும் சரிவரவில்லையென்றால் பெட்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவதாக மகனிடம் சொல்லிவிட்டார்.

இதையெல்லாம் கேட்ட பிறகாவது நான் நிதானித்திருக்க வேண்டும். எனக்கு அப்போது மழைதான் எதிரியாகத் தெரிந்தது. ஆம்பை மாற்றினேன். குன்னூரிலிருந்து ஒருவர் இவ்வளவு தூரம் வந்திருக்கிறாரே என்ற மரியாதைக்காக ரெஜினாம்மாவும் வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். பாட்டைப் போட்டேன். தகரத்தில் மழை கொட்டியது. நான் வால்யூமைக் கூட்டினேன். மழை கூடியது, நானும் கூட்டினேன். கடைசியில் மழை தோற்றது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஜெயித்துவிட்டேன் என்று திரும்பிப் பார்த்தால் நாற்காலி காலி. அவர் சமையலறைக்குப் போய்விட்டார்.

அந்தோணி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "சத்தம் போரா, சாரே" என்றார்.

எனக்கு வாய் பிளந்துவிட்டது. "இன்னும் வெக்கிறதுங்களா? பக்கத்து எஸ்டேட்டுக்கே கேக்குதுங்களே!"

"ஒச்சை அல்ல, சாரே. ஒச்சை ஏராளமா இருக்கு. நான் சொன்னது சத்தம். அவளோட சத்தம். ஒரு தடவை ஆஸ்பத்திரியில போச்சு. இப்ப இந்தப் பெட்டியிலயும் இல்லைன்னா…"



கொங்குநாட்டிலிருந்து மலையேறி வந்த குடும்பம் எங்களுடையது. எங்கள் வீட்டில் சத்தம் என்றால் 'சத்தம் போடாதீங்கடா' என்று பிள்ளைகளை அதட்டும்போது வருகிற சத்தம். அவர் ஊர்ப்பக்கம் அதற்கு ஒச்சை என்று பெயர். சத்தம் என்றால் ஒரு ஆளுடைய குரல். போனில் பேசியதிலிருந்து அந்த நிமிடம்வரை ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் வேறு வேறு விஷயம் பேசிக்கொண்டிருந்திருக்கிறோம். 'குரல் போதவில்லை' என்று அழுத மனிதரிடம் நான் கூரை என்ன என்று கேட்டிருக்கிறேன்.

ஆம்பை அணைத்தேன். சமையலறை வாசலுக்குப் போனேன். ரெஜினாம்மா எனக்காகப் பால் சேர்க்காத கட்டன் சாயா ஆற்றிக்கொண்டிருந்தார். அதுவரை எல்லோரும் அவர் கணவரிடம்தான் கேட்டிருந்தோம், கணவருக்குத்தானே பேச வருகிறது என்று. நான் அவரிடமே கேட்டேன்.

"அம்மா, அந்தப் பாட்டுல என்னங்கம்மா இல்லை?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். என்னை உற்றுப் பார்த்தார். பிறகு கழுத்துத் துணியின் மேல் கையை வைத்து, ஹாலைக் காட்டி, இல்லை என்று தலையாட்டினார். தொண்டை வலிக்கிறதாக்கும் என்று நினைத்து நான் பதறிப் போனேன். மறுபடியும் அதையே செய்தார். இந்தத் தடவை உதடும் அசைந்தது.

அந்தோணி பின்னால் நின்று படித்தார். "மூச்சு. மூச்சு இல்லைங்கறா. அதுல பாடறவ மூச்சே வாங்காம பாடறாளாம்."

ரெஜினாம்மாவுக்கு வேகம் வந்துவிட்டது. உதடுகள் படபடத்தன, அந்தோணி பின்னாலேயே ஓடினார். "கொயர் பிள்ளைகளுக்கு அவ மொதல்ல பாட்டு சொல்லிக் குடுக்க மாட்டா. மூச்சு வாங்கத்தான் சொல்லிக் குடுப்பா. பாட்டுல ஒரு அடி எடுக்கறதுக்கு முன்னாடி வாங்கற மூச்சுலதான் ஆளு தெரியுமாம். கண்ணை மூடிட்டு நின்னாக்கூட, பாடறதுக்கு முன்னாடியே இது இன்ன பிள்ளைன்னு சொல்லிருவா. இந்தப் பெட்டியில பாடறது யாருன்னு அவளுக்குத் தெரியலையாம்."

அந்தச் சாயாவை நான் எப்படிக் குடித்தேன் என்று நினைவில்லை. ஹாலுக்குத் திரும்பினேன். மழை கொஞ்சம் ஓய்ந்திருந்தது. பாட்டுப் போடாமல் ஆம்பை மட்டும் ஆன் செய்து, ஊமத்தம்பூ வாயில் காதை வைத்தேன். ஸ்ஸ்ஸ் என்றது. பழைய ஆம்பை மாட்டினேன். அதுவும் ஸ்ஸ்ஸ்.

நமக்குப் புரிகிற கதைதானே? அந்த மாதிரி ஸ்பீக்கர்கள் காதோடு சொன்னாலே ஊருக்குச் சொல்லிவிடும். ஒரு வாட்டில் பாதிகூட அவற்றுக்கு அதிகம். அவற்றின் தலையில் இவ்வளவு பெரிய ஆம்பைக் கொண்டுபோய் வைத்தால், ஆம்பின் உள்ளுக்குள் இருக்கும் இரைச்சலையும் அவை விசுவாசமாகப் பெரிதாக்கிக் கொடுக்கும். மனிதர் மூச்சு வாங்குவதும் அதே ஸ்ஸ்தான். பாலில் ஊற்றிய தண்ணீர் மாதிரி இரண்டும் ஒன்றாகிவிட்டன. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினானாம் ஒருவன். மழைக்குப் பயந்து நாங்கள் ரெஜினாம்மாவின் மூச்சைக் கொளுத்தியிருந்தோம்.

அந்தோணி ஸ்பீக்கர் வந்த அட்டைப்பெட்டிகளை உள்ளறையிலிருந்து இழுத்துக்கொண்டு வந்தார். அவருக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது.

"போகட்டும் சாரே. அவளை மறுபடி மறுபடி உக்கார வெச்சு வேதனைப்படுத்தக் கூடாது."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இன்னொரு முறை தோற்றால் அந்த அம்மாள் தன் குரலை இந்த ஜென்மத்தில் கேட்க மாட்டார். இதை நான் மேலும் இழுக்காமலிருப்பதே நல்லது என்றுகூடத் தோன்றியது. உங்களுக்கும் இப்படி ஒரு நேரம் வரும். அப்போது நம்முடைய கெட்டிக்காரத்தனத்தை நம்பாதீர்கள், யாருக்காக வேலை செய்கிறோமோ அவர் முகத்தைப் பாருங்கள். நான் ரெஜினாம்மாவைப் பார்த்தேன். அவர் தன் கணவரைப் பார்த்து ஒரு விரலைக் காட்டினார். இன்னும் ஒரு தடவை.

குன்னூர் திரும்பினேன். கடை மூலையில் ஒரு சின்ன வால்வு ஆம்ப், பழைய ரேடியோ மாதிரி கண்ணாடிக் குழாய்கள் எரிகிறது, பலமும் குறைவு, இரைச்சலும் குறைவு, கிடந்தது நினைவிருக்கிறதா? பிக்கட்டி ஊர்க்காரர் ஒருவர் வாங்கிப் போய், "மழை வந்தா இது ஊமையாயிருதுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனது. சூடாக இருக்கும் என்று கடைப் பூனை அதன் மேல்தான் படுக்கும். அதனால் அதற்குப் பூனை ஆம்ப் என்று பெயர். அதைத் துடைத்து வேனில் வைத்தேன். உங்களில் ஒருவர், "அண்ணா, தகரக் கூரை வீட்டுக்கு இதையா கொண்டு போறீங்க? மழை இதைச் சாப்பிட்டுட்டு ஏப்பம் விடுமுங்க" என்று சிரித்தார். யார் என்று எழுதவில்லை. படிக்கும்போது அவரே தலையைச் சொறிந்துகொள்வார்.

பயம் எனக்கும் இருந்தது. தேயிலை ஃபேக்டரி ஓட ஆரம்பித்தால் அந்தப் பக்கம் கரண்ட் தாழ்ந்துபோகும், வால்வு ஆம்ப் அதைத் தாங்காது. ஸ்டெபிலைசர் வைத்தால் அது டக் டக்கென்று குதிக்கும். அந்தோணியிடம் ஃபேக்டரி நிற்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு, அந்த நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். ஸ்டெபிலைசரை அவிழ்த்துப் புறக்கடைக்குக் கொண்டுபோய் வைத்தேன். பிரிட்ஜையும் அணைக்கச் சொன்னேன். மழை விட்டு, மலைமேல் பனிமஞ்சு இறங்கியிருந்தது.

பெரிய ஆம்பையும் பூனை ஆம்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மேலே ஒரு பெட்ஷீட்டைப் போர்த்தினேன். டேஸ்டரை நினைத்துக்கொண்டு மீட்டரை எடுத்தேன். இரண்டையும் ஒரே அளவுக்கு, ஒரு ஆள் ஹாலில் நின்று சாதாரணமாகப் பாடுகிற அளவுக்குக் கொண்டுவந்தேன். எது ஓடுகிறது என்று ரெஜினாம்மாவுக்குத் தெரியாது. அந்தோணிக்கும் தெரியாது. ஏற்கெனவே கேட்டு நொந்த காது ஆறுதலுக்காகக்கூடப் பொய் சொல்லிவிடக் கூடாது.

முதலில் பெரியது. முதல் அடி முடிவதற்குள் அவர் தலை இடம் வலமாக அசைந்தது. நிறுத்தினேன். நாற்காலியின் கையை அவர் விரல்கள் பிடித்தபடி இருந்தன. எழுந்து போய்விடுவாரோ என்று அந்தோணி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அடுத்ததைப் போட்டேன்.

ஹாலில் ஒன்றுமே இல்லை. இரைச்சல் இல்லை, உறுமல் இல்லை. ஆம்ப் ஓடுகிறதா என்று எனக்கே சந்தேகம் வந்தது. அந்த நிசப்தத்தில், எங்களுக்கு எதிரே ஒரு பெண் மூச்சு வாங்கினாள். நிதானமாக, வயிற்றிலிருந்து, பாடத் தெரிந்தவள் வாங்குகிற மூச்சு.

நான் பக்கவாட்டில் நின்றிருந்தேன். ரெஜினாம்மாவின் கழுத்துத் துணி உள்ளே போனது. பெட்டியில் மூச்சு நின்ற இடத்தில் துணியும் நின்றது. பாட்டு ஆரம்பித்தது, துணி மெல்ல மெல்ல வெளியே வந்தது. அடி முடிந்தது. அங்கே ஒரு மூச்சு, இங்கே துணி உள்ளே. அடுத்த அடி. மறுபடியும். பெட்டிக்குள் பாடிய பெண்ணும் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண்ணும் பாட்டு முடியும்வரை ஒரே மூச்சைத்தான் விட்டார்கள். குரல் மட்டும்தான் அந்தப் பக்கம் இருந்தது.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இதை எழுதும்போதும்தான்.

பாட்டு முடிந்தது. அந்தோணிக்குக் கேட்கத் தைரியம் இல்லை. நான்தான் கேட்டேன்.

"எப்படிங்கம்மா?"

அவர் கணவர் பக்கம் திரும்பி, விரலை நீட்டி நீட்டி, நீளமாக ஏதோ சொன்னார். முகத்தில் ஒரு கண்டிப்பு. அந்தோணி பார்த்துக்கொண்டே இருந்தார். திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார். சிரிக்கச் சிரிக்கக் கன்னமெல்லாம் நனைந்துவிட்டது.

"என்னங்க சொல்றாங்க?"

"ரெண்டாவது அடியில சுதி எறங்கிப் போச்சாம், சாரே. கொயர் பிள்ளை பாடியிருந்தா வெளியில கொண்டுபோய் நிக்க வெச்சிருப்பாளாம்."

அடுத்தவர் பாட்டு என்றால் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருப்பார். 'அது நான் இல்லை' என்று போனவர், அன்றைக்குத் தன் மேலேயே குற்றம் கண்டுபிடித்தார். எனக்கு வாழ்க்கையில் கிடைத்த பாராட்டுகளில் அதைவிடப் பெரியது ஒன்று இல்லை.

மறுபடியும் போடச் சொல்லிக் கையைக் காட்டினார். போட்டேன். அதற்குள் தகரத்தில் முதல் சொட்டுகள் விழுந்தன. நம் மழைக்குத்தான் வெட்கமே கிடையாதே! கொட்ட ஆரம்பித்தது. பூனை ஆம்ப் என்ன செய்யும், பாவம்! பழக்க தோஷம், என் கை வால்யூம் பக்கம் போனது.

ரெஜினாம்மா என் கையைத் தட்டிவிட்டார். எழுந்து, தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் ஸ்பீக்கரின் வாயருகே போட்டு உட்கார்ந்தார். கணவரைப் பார்த்து, உன்னுடையதையும் எடுத்துக்கொண்டு வா என்று கண்ணால் சொன்னார். அவரும் இழுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் போட்டார். மேலே மழை அடித்துக்கொண்டிருந்தது. முழங்காலோடு முழங்கால் இடிக்க, இரண்டு பேரும் பாட்டின் பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். மழைக்கு மேலே கேட்க வேண்டும் என்று இத்தனை வருடம் பெட்டி பெட்டியாகத் தூக்கிக் கொடுத்தேனே, நாற்காலியை நகர்த்திப் போடலாம் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

நான் பெரிய ஆம்பைத் தூக்கிக்கொண்டு சொல்லாமல் கிளம்பினேன். அவர்கள் கவனிக்கவில்லை.

ஆகவே பிள்ளைகளே, கூரையைப் பார்ப்பதை நான் விட்டுவிடச் சொல்லவில்லை. பாருங்கள். ஓம் கணக்கையும் போடுங்கள். சமப்படுத்தாமல் எவருக்கும் போட்டுக் காட்டாதீர்கள், டேஸ்டர் இன்னும் குன்னூரில்தான் இருக்கிறார். ஆனால் வாட்டைப் பற்றி வாய் திறப்பதற்கு முன்னால் ஒன்று கேளுங்கள்: "இதுல யாரைக் கேக்கப் போறீங்க?" சிலர் ஊரே ஆடுகிற பாட்டைச் சொல்வார்கள். அவர்களுக்கு மழை வாட்டைத் தாராளமாகக் கொடுங்கள், அவர்களும் நம் வாடிக்கையாளர்கள்தான். சிலர் ஒரு நிமிடம் பேசாமல் நிற்பார்கள். அவர்களிடம் அவசரப்படாதீர்கள். அந்தக் கேள்வியை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு வார்த்தை பேச முடியாதவர். அவருக்கு நான் பட்ட கடன் இந்தக் கேள்வியை நீங்கள் கேட்கும்போதெல்லாம் கொஞ்சம் தீரும்.

கிறிஸ்துமஸ் வந்தால் அந்தோணி தவறாமல் போன் செய்வார். கேக் அனுப்பியது வந்ததா என்று கேட்பார். நானும் ஒவ்வொரு வருடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்பேன், பூனை ஆம்ப் எப்படி இருக்கிறது என்று. இந்த வருடமும் கேட்டேன். பின்னால் தகரத்தில் மழை கொட்டுவது போனிலேயே கேட்டது.

"சத்தம் உண்டு, சாரே" என்றார்.